மோரா, சின்னப் போத்தலா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. நீரிழிவுக்கு மெட்போர்மின், தைரொய்ட் குறைபாட்டுக்கு ஒரு மாத்திரை, குருதி அமுக்கத்துக்கு ஒரு மாத்திரை எடுக்கிறார். பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்கிறார். சில மாதங்களாக மலச்சிக்கலும் கூடியிருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து வந்த தம்பி, நல்ல பக்டீரியா உள்ளது என்று சொல்லி, புளித்த பால் பானத்தைச் சின்னப் போத்தல்களில் வாங்கி வைத்துவிட்டுப் போனான். அம்மா காலையில் மாத்திரைகளை அதோடுதான் விழுங்குகிறார். ஆனாலும் “நான் சின்ன வயதிலிருந்து குடித்த மோரில் இல்லாத எதை இதில் கண்டீர்கள்?” என்று கேட்கிறார். போத்தல் விலை கூடியது. மோரே போதுமா? இரவில் மோர் குடிக்கலாமா? எங்கள் தொடர்மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் கெபிர் என்ற புளித்த பால் செய்யும் மணிகள் தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா? 19 வயது மகனுக்கு அன்டிபயோட்டிக் எடுத்தபோது வயிற்றோட்டம் வந்தது. அவனுக்கும் இவை உதவுமா?

— வாசகி, கொழும்பு 6

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் போசணை ஆலோசகராகிய என் கண்ணில் முதலில் பட்டது. அம்மா காலை மாத்திரைகளைப் புளித்த பாலோடு விழுங்குகிறார் என்கிறீர்கள். நாளைக் காலையிலிருந்தே அதை நிறுத்திவிடுங்கள்.

தைரொய்ட் மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, காலை உணவுக்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை முன்னதாக எடுக்க வேண்டிய மருந்து. பாலிலுள்ள கல்சியம் குடலில் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, குருதிக்குள் போகும் அளவைக் குறைக்கக்கூடும். கல்சியம் மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ எடுப்பவர் என்றால், தைரொய்ட் மாத்திரைக்கும் அவற்றுக்கும் இடையே நான்கு மணித்தியாலம் விட வேண்டும். மருந்து சரியாக உள்ளே போகாவிட்டால் தைரொய்ட் குறைபாடு மீண்டும் தலைதூக்கும். அதன் அறிகுறிகளில் களைப்பு ஒன்று, மலச்சிக்கல் இன்னொன்று. மலச்சிக்கலுக்கென்று குடிக்கும் பானமே, மலச்சிக்கலைக் கட்டுப்படுத்தும் மருந்துக்குக் குறுக்கே நிற்கிறதோ என்று பார்க்க வேண்டிய நிலை இது. அப்படித்தான் நடந்திருக்கிறது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அந்தச் சின்னப் போத்தலில் கல்சியமும் அவ்வளவு இல்லை. ஆனால் பால் தேநீரும் அதே நேரத்தில் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். அடுத்த கிளினிக்கில், தைரொய்ட் மருந்தின் அளவு சரியா என்று காட்டும் டீ.எஸ்.எச். குருதிப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வயிறு ஊதுவதற்கும் பாலை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். மெட்போர்மின் எடுப்பவர்களுக்கு வாய்வு, வயிற்றுப் பொருமல், இளக்கம் எல்லாம் சாதாரணமாக வருகின்றன. அதை உணவோடு சேர்த்து எடுத்தால் தொல்லை குறையும். மெட்போர்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைவதும் உண்டு. அதையும் வைத்தியரிடம் நினைவூட்டுங்கள். சில குருதி அமுக்க மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். எல்லாவற்றையும்விட, 68 வயதில் மலம் கழிக்கும் வழக்கம் சில மாதங்களுக்குள் மாறியிருந்தால், மோர் வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தக் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், இரத்தசோகை இவற்றில் எதுவும் இருந்தால் உடனே வைத்தியரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் ஒரு முறை காட்டுவது நல்லது.

இனி அம்மாவின் கேள்வி. அவர் கேட்டதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

பாலில் இருக்கும் இயற்கைச் சர்க்கரையின் பெயர் லக்டோஸ். நூறு மில்லிலீற்றர் பாலில் ஏறக்குறைய ஐந்து கிராம் இருக்கும். அதைச் சிறுகுடலில் உடைப்பது லக்டேஸ் என்ற நொதியம். தாய்ப்பால் மறந்த பிறகு உலகத்தில் பெரும்பாலானோருக்கு இந்த நொதியம் குறைந்துபோகிறது. தென்னாசியாவில் நம் பக்கத்து மக்களிலும் பலருக்கு அப்படித்தான். உடையாத லக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள பக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிறு ஊதுவது அதனால்தான். ஆனாலும் லக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோர் ஒரே தடவையில் 12 கிராம் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு கோப்பைப் பால்வரை, பெரிய தொல்லையில்லாமல் தாங்குகிறார்கள்.

பாலைத் தயிராக்கும்போது பக்டீரியாக்கள் லக்டோஸின் ஒரு பகுதியைத் தின்று லக்டிக் அமிலமாக்குகின்றன. புளிப்பு வருவது அதிலிருந்துதான். மீதி லக்டோஸ் தயிரிலேயே இருக்கிறது. ஆனால் அதை உடைக்கும் நொதியத்தை அந்தப் பக்டீரியாக்கள் தம் உடலுக்குள்ளேயே சுமந்து வருகின்றன. இரைப்பையின் அமிலத்திலிருந்து அந்த நொதியத்தைப் பக்டீரியாவின் சுவர் காப்பாற்றுகிறது. சிறுகுடலுக்கு வந்ததும் பித்தநீர் பட்டு அந்த உறை கசிய, நொதியம் வேலையைத் தொடங்குகிறது. பால் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இந்த ஒரு பயனை ஏற்றுக்கொண்டது. நிபந்தனையும் விதித்தது: ஒரு கிராம் யோகட்டில் குறைந்தது 100 மில்லியன் உயிருள்ள பக்டீரியாக்கள் இருக்க வேண்டும். நல்ல பக்டீரியா பற்றி நிறுவனங்கள் கொண்டுபோன மற்றப் பயன் கூற்றுகளில் பெரும்பாலானவற்றை அதே ஆணையம் சான்று போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பயன் உங்கள் வீட்டு மோரிலும் உண்டு, பக்டீரியாக்கள் உயிரோடு இருந்தால். அடுப்பில் கொதிக்கவைத்த மோர்க்குழம்பில் அவை இறந்துவிடும். மோர் மிளகாயை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்; அதில் மிஞ்சுவது உப்பும் உறைப்பும் ருசியும்தான். கடையில் குளிரூட்டாமல் சாதாரணத் தட்டில் மாதக்கணக்கில் வைத்து விற்கப்படும் மோர்ப் பைக்கற்றுகளும் புளிக்கவைத்த பிறகு சூடேற்றப்பட்டவையாகவே இருக்கும். தாகத்துக்கு நல்லவை. உயிருள்ள பக்டீரியாவுக்காக அவற்றை வாங்குவதில் பொருளில்லை.

அப்படியானால் சின்னப் போத்தலில் என்ன இருக்கிறது? தயிரை உருவாக்கும் வழமையான இரண்டு பக்டீரியாக்கள் நம் குடலில் நிலைத்துக் குடியிருப்பதில்லை. ஜப்பானில் மினோரு ஷிரோத்தா என்ற ஆய்வாளர் இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கி உயிரோடு குடலுக்குப் போகும் ஒரு பக்டீரியா வகையை 1930இல் பிரித்தெடுத்து வளர்த்தார். 1935இல் அது பானமாக விற்பனைக்கு வந்தது. இன்று கடைகளில் காணும் சின்னப் போத்தல் பானங்களுக்கு முன்னோடி அதுதான். இந்த வகைப் பானங்களின் பயன் அந்தந்தக் குறிப்பிட்ட பக்டீரியாவையும் அதன் அளவையும் பொறுத்தது. ஒரு வகைக்குக் கிடைத்த ஆய்வு முடிவை, வேறு வகை போட்ட இன்னொரு போத்தலுக்கு மாற்றிப் பொருத்த முடியாது. “நல்ல பக்டீரியா” என்று மட்டும் எழுதி, எந்த வகை, எவ்வளவு என்று சொல்லாத போத்தலுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

மலச்சிக்கலுக்குச் சில வகைகள் ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது சிறிய உதவி. சிவப்பு அரிசியும் பயறும் கீரையும் தண்ணீரும் நடையும் செய்யும் வேலைக்கு அது ஈடாகாது. மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் அம்மாவோடு அரை மணித்தியாலம் நடந்துவிட்டு வாருங்கள். மலச்சிக்கலுக்கும் நல்லது, நீரிழிவுக்கும் நல்லது.

அந்தப் போத்தலில் எனக்கு ஒத்துவராத இன்னொன்று சீனி. புளிப்பை மறைக்க நிறையவே போடுகிறார்கள். 80 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் பத்துக் கிராம் அளவு சீனி இருப்பது இந்த வகைப் பானங்களில் வழக்கம். தேக்கரண்டிக் கணக்கில் இரண்டரை. சேர்க்கப்படும் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீரிழிவுள்ளவர் காலையில் முதல் வேலையாக அதில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரு மிடறில் குடித்து முடிப்பது எப்படி நல்லதாகும்? போத்தலின் முதுகில் உள்ள போசணை அட்டவணையைப் பாருங்கள். “சீனி” என்ற வரியில் நூறு மில்லிலீற்றருக்கு ஐந்து கிராமளவு என்றால் பெரும்பாலும் பாலின் இயற்கைச் சர்க்கரை. பன்னிரண்டு, பதினைந்து என்று இருந்தால் மீதி முழுவதும் சேர்த்தது. தயிருக்குக் கித்துள் பாணி ஊற்றுவதும் இதே கணக்குத்தான். பாணி மரத்திலிருந்து வந்ததென்பது குருதியிலுள்ள சீனிக்குத் தெரியாது.

புளித்த பால் நூறு வயது தரும் என்ற பழைய நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன், தம்பியின் வாட்சப்பில் அது எப்படியும் வரும். பாரிஸ் பஸ்தேர் நிறுவனத்தில் இருந்த, 1908இல் நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிகோவ், பல்கேரியக் கிராமத்தவர் நீண்ட நாள் வாழ்வதற்குப் புளித்த பாலே காரணம் என்று எழுதிப் பரப்பினார். அவருக்குப் பரிசு கிடைத்தது நோயெதிர்ப்பு ஆய்வுக்காக, தயிருக்காக அல்ல. தினமும் புளித்த பால் குடித்த அவர் 71 வயதில் காலமானார்.

பிற்கால ஆய்வுகள் இவ்வளவு பெரிய கதை சொல்வதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் ஆரோக்கியமான 36 பேர் இரண்டு பிரிவாகப் பத்து வாரங்கள் உணவை மாற்றினார்கள். யோகட், கெபிர், புளித்த மரக்கறி என்று புளித்த உணவைக் கூட்டிய பிரிவினரின் குடலில் பக்டீரியா வகைகள் பெருகின. குருதியில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக ஆறு பங்கு புளித்த உணவு சாப்பிட்டார்கள் என்பதையும், ஆட்கள் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், வாரத்துக்கு இரண்டு கோப்பை யோகட் சாப்பிட்டால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்துக் குறையக்கூடும் என்று யோகட் பொதிகளில் எழுத அனுமதித்தது. சான்று மட்டுப்பட்டது என்ற வரியையும் கூடவே போட வேண்டும் என்றது. அதுவும் நோய் வராமல் காப்பதைப் பற்றியது. வந்த நீரிழிவை யோகட் குறைக்கும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மோர் குடிக்கத் தொடங்கிவிட்டோம் என்று அம்மாவின் மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

ஆக, உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது மோர். அதிலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது உப்பு. குருதி அமுக்கம் உள்ளவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு இருக்க வேண்டும். நாம் மோரில் கை நிறையப் போட்டுவிடுகிறோம். இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கொஞ்சம் தேசிக்காய் என்று சேர்த்தால் உப்பில்லாமலே நாக்கு பழகிவிடும். இரண்டாவது தண்ணீர். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்ட மோரில் கல்சியமும் புரதமும் கால் பங்குதான். தாகத்துக்கும் வெயிலுக்கும் அது போதும். பாலை நிறுத்திய 68 வயதுப் பெண்ணின் எலும்புக்குப் போதாது. நாளொன்றுக்கு அரைக் கோப்பை கெட்டித் தயிரையாவது சோற்றோடு கொடுத்துவிடுங்கள், சோற்றின் சூடு ஆறிய பிறகு. எருமைத் தயிர் என்றால் கொழுப்பு ஏறக்குறைய பசும்பால் தயிரின் இரு மடங்கு என்பதால் அளவாக. நெத்தலியை எலும்போடு சாப்பிடுகிறவர் என்றால் கல்சியத்துக்கு அதுவும் நல்ல வழி. அம்மாவின் சிறுநீரகப் பரிசோதனை முடிவு சரியில்லை என்று கிளினிக்கில் சொல்லியிருந்தால், தயிரைக் கூட்டுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்.

கடைத் தயிருக்குக் கொடுக்கும் விலையைவிட வீட்டில் செய்தால் மலிவு. பசும்பால் கிடைக்காவிட்டால் பால்மாவிலும் நன்றாக உறையும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 125 முதல் 130 கிராம் பால்மா. 400 கிராம் பைக்கற்றில் மூன்று லீற்றர் வரும். கரைத்துக் கொதிக்கவைத்து, சுண்டுவிரலை வைத்தால் சுடாமல் இதமாக இருக்கும்வரை ஆறவிட்டு, சீனி சேர்க்காத தயிர் ஒரு மேசைக்கரண்டி கலந்து மூடி வையுங்கள். கொழும்புச் சூட்டில் ஐந்தாறு மணித்தியாலத்தில் உறைந்துவிடும். உறைந்த உடனே குளிர்சாதனப்பெட்டிக்குள் போக வேண்டும். இரவு முழுவதும் மேசையில் விட்டால் காலையில் முகம் சுளிக்கும் அளவுக்குப் புளிக்கும். மோருக்கு ஊற்றும் தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கட்டும். தயிரை எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், கடைசியில் ஊற்றும் தண்ணீர் கெடுத்துவிடும்.

இரவில் மோர் குடித்தால் சளி பிடிக்கும் என்பதற்கு நல்ல சான்று எதுவும் கிடையாது. நெஞ்செரிவு உள்ளவர் படுக்கைக்குப் போகும் நேரத்தில் எதையும் வயிறு நிறையக் குடிக்கக் கூடாது, மோரும் அதற்குள் அடங்கும். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் மதியத்திலேயே கொடுங்கள். இதற்காக வீட்டில் வாக்குவாதம் வேண்டாம்.

கெபிர் மணிகள் பற்றி: கோக்கசு மலைப் பகுதியிலிருந்து வந்த பழக்கம் அது. பூக்கோவாத் துண்டுகள் போலிருக்கும் அந்த மணிகளில் பக்டீரியாவோடு ஈஸ்டும் சேர்ந்து வாழ்கிறது. பாலில் போட்டால் ஒரு நாளில் புளித்து, இலேசாக நுரைக்கும். பக்டீரியா வகைகள் தயிரைவிட அதிகம், லக்டோஸ் குறைவு. அதனால் மோரைவிட உடலுக்கு மேலானது என்று நிரூபணமாகிவிட்டதா என்றால், இல்லை. ஈஸ்ட் இருப்பதால் மிகச் சிறிய அளவு மதுசாரமும் உண்டாகும். விரதகாரர்களும் மதுசாரத்தை முற்றாகத் தவிர்ப்பவர்களும் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். வாயு சேரும் என்பதால் மூடியை இறுக்கிப் பூட்டக் கூடாது, நம் வெப்பத்தில் குளிர்நாட்டுச் சமையல் குறிப்பில் சொன்ன நேரத்துக்கு முன்பே வடித்துவிட வேண்டும். அக்காவின் சமையலறை சுத்தமானது, தினமும் மணிகளைப் பராமரிக்க உங்களுக்கும் பொறுமை உண்டு என்றால் வாங்குங்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர், வேறு காரணத்தால் நோயெதிர்ப்பு மிகவும் குறைந்தவர் எவரும் வீட்டில் இருந்தால், கெபிரோ பக்டீரியா மாத்திரையோ வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக மகன். அன்டிபயோட்டிக் நோய்க்கிருமியோடு குடலிலுள்ள நல்ல பக்டீரியாக்களையும் கொல்வதால் வயிற்றோட்டம் வருகிறது. இந்த விடயத்தில் நல்ல பக்டீரியாக்களுக்குச் சான்று ஓரளவு வலுவாகவே இருக்கிறது. சிறுவர்களிடம் நடந்த 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பின் 2019 மீளாய்வில், நல்ல பக்டீரியா எடுத்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும், எடுக்காதவர்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்கும் வயிற்றோட்டம் வந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டவை அளவு குறித்த குறிப்பிட்ட வகைகள். வீட்டு மோர் அல்ல. மீண்டும் அன்டிபயோட்டிக் எடுக்க நேர்ந்தால் அப்படியான மாத்திரை தேவையா என்று மருந்து எழுதும் வைத்தியரிடமே கேளுங்கள். தயிரும் மோரும் உணவாக இருக்கட்டும். அதிலும் எந்த மருந்து என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். சிப்ரோபுளொக்சசின், டெட்ராசைக்கிளின் வகை மருந்துகளைப் பாலிலுள்ள கல்சியம் பிடித்துக்கொள்ளும். சிப்ரோபுளொக்சசினைப் பால், தயிர் எதுவும் எடுப்பதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னராவது, ஆறு மணித்தியாலம் பின்னராவது விழுங்க வேண்டும். வயிற்றோட்டம் தொடங்கிவிட்டால் முதலில் தேவைப்படுவது ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல். காய்ச்சல், மலத்தில் இரத்தம், கடும் வயிற்று வலி இவற்றில் ஒன்று இருந்தாலும், மருந்தின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியரிடம் போங்கள்.